பம்பைக்கு நடுவர்கள் யார்?

சினிமாவுக்கு ரசிகர் மன்றம் உண்டு, கிரிக்கெட்டுக்கும் உண்டு. 'நான் பம்பைக்கு ரசிகன்' என்று சொன்னால் மட்டும் எங்கள் ஆரணியிலேயே சிலர் சிரிக்கிறார்கள். நாற்பது வருஷத்துக்கு மேலாக நான் அப்படித்தான். ஆடி பிறந்துவிட்டால் எந்தத் தெரு அம்மன் கோயிலில் எந்த செட் வாசிக்கிறது என்று விசாரித்து வைத்துக்கொள்வேன். ஆடி வெள்ளி என்றால் படவேடு ரேணுகாம்பாள் கோயில் வரைக்கும் போய்விடுவேன்.

தென்மாவட்ட வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. உங்கள் பக்கத்து நையாண்டி மேளம் வேறு, எங்கள் வடாற்காட்டுப் பம்பை வேறு. நீளமான இரண்டு உருளைகளைச் சேர்த்துக் கட்டி இடுப்போடு மாட்டிக்கொண்டு வாசிப்பார்கள். பெரும்பாலும் ஒன்று மரம், ஒன்று உலோகம். அதனால் இரண்டுக்கும் இரண்டு குரல். கூடவே உடுக்கையும் கைச்சிலம்பும் இருக்கும். இவர்கள் வெறும் வாத்தியக்காரர்கள் இல்லை. பூங்கரகம் ஜோடிக்கும்போது அம்மனை வர்ணித்துப் பாடுவதும், கூழ் வார்க்கும் நாளில் ஊரைக் கூட்டுவதும் இவர்கள்தான்.

நான் அடிமையானது போட்டிப் பம்பைக்கு. இரண்டு தெருக் கரகங்கள் முச்சந்தியில் சந்தித்தால் இரண்டு செட்டும் எதிரெதிரே நின்றுவிடும். ஒருவர் ஒரு அடி வாசிப்பார். எதிராளி அதை அப்படியே திருப்பிச் சொல்லி, தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்து விடவேண்டும். வேகமாக வாசிப்பது பெரிய காரியமில்லை. வேகத்தைக் குறைத்து, தாளம் நழுவாமல் நிறுத்தி வாசிக்கும்போதுதான் ஆளின் சரக்கு தெரியும்.

தீர்ப்பு சொன்னவர்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்த நெசவாளர்கள். சங்கீதம் படித்தவர்கள் இல்லை. ஆனால் விடிந்ததிலிருந்து குழித்தறியில் இறங்கி, மிதி மிதித்து, நாடா விட்டு, பண்ணையை அடித்துப் பழகிய கையும் காலும் அவர்களுக்கு. தெருவே ஒரு தாளத்தில் ஓடிக்கொண்டிருந்த காலம். பம்பையில் அரை அடி பிசகினாலும் 'ம்ஹூம்' என்று ஒரு சத்தம் வரும். அந்த 'ம்ஹூம்'தான் மதிப்பெண். ஜெயித்தவருக்கு ஒரு துண்டும், சட்டையில் குத்திய ஒரு பத்து ரூபாய் நோட்டும் கிடைக்கும்.

இப்போது எல்லாம் மாறிவிட்டது. பிளாஸ்டிக் தோல் வந்துவிட்டது. செட்டுக்கு செட் பெயர் அச்சடித்த டி-ஷர்ட், கீபோர்டு, ரிதம் பேட், ஆளுயர சவுண்ட் பாக்ஸ். போட்டி என்றால் எந்த பாக்ஸ் ஜன்னல் கண்ணாடியை அதிரவைக்கிறது என்பதுதான். வசதியான கல்யாணங்களுக்குக் கேரளாவிலிருந்து செண்டை மேளம் வருகிறது.

இந்த வருத்தம் எனக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். என் மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். வீடியோ காலில் பேசும்போது மாப்பிள்ளை அங்கே நடக்கும் 'டிரம் கோர்' போட்டிகளைப் பற்றிச் சொல்லி, யூடியூபில் பார்க்கச் சொன்னார். சீருடை போட்ட இளைஞர் படை, பித்தளைக் குழலும் முரசுமாக மைதானத்தில் அணிவகுத்து வாசிக்கிறது. 1972 முதல் தேசிய அளவில் போட்டி. மதிப்பெண் போட நடுவர்கள் இருக்கிறார்கள். அங்கேயும் 2004இல் மைக் வைத்துக்கொள்ள அனுமதித்தார்கள், 2009இல் சிந்தசைசரும் வந்தது. பழைய ரசிகர்கள் 'எல்லாம் போச்சு' என்று புலம்பினார்களாம். கேட்டதும் எனக்கு ஒரு பங்காளி கிடைத்த மாதிரி இருந்தது. ஆனால் அந்த மைதானத்தில் இன்றைக்கும் கூட்டம் உட்கார்ந்து கேட்கிறது.

செண்டை மேளத்தையும் நான் குறை சொல்லமாட்டேன். திருச்சூர் பூரத்தில் பாறமேக்காவு, திருவம்பாடி என்று இரண்டு கோயில்களுக்கு இடையே போட்டி. இலஞ்சித்தற மேளத்தில் இருநூறு பேருக்கு மேல் நின்று இரண்டு மணி நேரத்துக்கும் அதிகமாக வாசிக்கிறார்கள். மெதுவாக ஆரம்பித்துப் படிப்படியாக ஏறும். முன்னால் நிற்கிற ஜனங்கள் தாளத்தோடு சேர்ந்து கையை உயர்த்துகிறார்கள். எந்த இடத்தில் உயர்த்தவேண்டும் என்று அவர்களுக்குத் தெரிகிறது. அதே செண்டையை நாம் கல்யாண மண்டப வாசலில் பத்து நிமிஷம் நிற்கவைத்துப் போட்டோ எடுத்துக்கொள்கிறோம். குறை வாத்தியத்தில் இல்லை, கேட்கிற காதில் இருக்கிறது.

'அந்தக் காலம் மாதிரி வருமா' என்று எல்லாவற்றையும் ஒரேயடியாகப் புகழவும் முடியாது. அந்தக் காலத்தில் விடிய விடிய வாசித்தவருக்குத் திண்ணையில் இடம் கிடையாது. பந்தியில் கடைசி இலை, சில வீடுகளில் அதுவும் தனியாக. கூலி என்று ஒன்றைப் பேசவே மாட்டார்கள், கொடுத்ததுதான். பெயர் அச்சடித்த டி-ஷர்ட்டைப் பார்த்து நம்மவர்கள் கேலி செய்கிறார்கள். பெயரே சொல்லப்படாமல் வாசித்தவரின் பேரன் அதை நெஞ்சில் போட்டுக்கொள்கிறான். அதில் கேலிக்கு என்ன இருக்கிறது? சாவுக்கு அடிப்பது என்று ஒதுக்கிய பறையை இன்று பெண்களும் கற்று மேடையேறுகிறார்கள். பறை வாசிக்கும் மதுரை வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இந்த மாற்றங்களை நான் கும்பிட்டு வரவேற்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு பம்பை வாத்தியாரின் மகன் செய்யாறு சிப்காட்டில் வேலைக்குப் போகிறான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் செட்டுக்கு வருவான். "பையன் கை எப்படி வாத்தியாரே?" என்று கேட்டேன்.

"என் கையைவிட சுத்தம் அண்ணே. ஆனா யாருக்கு வாசிக்கிறது? பாக்ஸ் சத்தத்துல நான் தப்பா அடிச்சாலும் யாருக்கும் தெரியல. தப்பு தெரியாத இடத்துல சரியா அடிச்சு என்ன ஆகப்போகுது?" என்றார்.

அவர் சொன்னது எங்கள் தறிக்கும் பொருந்தும். எங்கள் தெருவிலும் தறிக்குழியை மூடிவிட்டு சிப்காட் பஸ் ஏறியவர்கள் நிறையப் பேர். விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று சொல்லி விற்கிறார்கள் என்று புலம்புகிறோம். சேலையைத் திருப்பி, பின்பக்கத்தைத் தடவிப் பார்த்து வாங்குகிற பெண்மணிகள் இருக்கிறவரைக்கும்தான் எங்களுக்குப் பிழைப்பு. பம்பைக்காரருக்கும் அப்படிப்பட்ட நாலு பேர் வேண்டும்.

போன ஆடிக்கு முன்னால் எங்கள் தெரு விழாக் குழு கூடியது. டி.ஜே. வைக்கலாம் என்றார்கள் பையன்கள். நான் எதிர்க்கவில்லை. மூன்று விஷயம் மட்டும் கேட்டேன். கரகம் முச்சந்திக்கு வந்ததும் அரை மணி நேரம் எல்லா பாக்ஸையும் நிறுத்தவேண்டும். உள்ளூர் செட் இரண்டைக் கூப்பிட்டு, பேசிய கூலியை முன்கூட்டியே கையில் கொடுக்கவேண்டும். அவர்கள் நம்மோடு முதல் பந்தியில் சாப்பிடவேண்டும். கடைசி விஷயத்துக்கு ஒரு பெரியவர் முகத்தைச் சுளித்தார். பையன்கள்தான் எனக்காகப் பேசினார்கள். மூன்றும் நடந்தது.

பாக்ஸ் நின்றதும் முதல் ஐந்து நிமிஷம் கூட்டத்துக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. பாதிப் பேர் செல்போனை நோண்டினார்கள். சிப்காட் பையன் வேகத்தைக் குறைத்து ஒரு அடியை நிறுத்தி விட்டான். எதிர் செட்டுக்காரர் அதைத் திருப்பும்போது ஒரு இடத்தில் லேசாகத் தடுக்கினார். எங்கிருந்தோ ஒரு 'ம்ஹூம்' வந்தது. திரும்பிப் பார்த்தேன். எழுபதைத் தாண்டிய பாட்டி ஒருத்தர். காலமெல்லாம் பாவு பிணைத்த கை, தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

பக்கத்தில் நின்ற பையன் என் கையைப் பிடித்தான். "பெரியப்பா, இப்ப யாரு ஜெயிச்சாங்க? எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

அந்தக் கேள்வியை எங்கள் தெருவில் கேட்டு எத்தனை வருஷமாயிற்று! அவனைப் பாட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தேன்.