வெறும் ஜெராக்ஸ் காப்பிதானே?

குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமைகள் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது இரண்டு. ஒன்று ஜாமீன், இன்னொன்று வக்கீல். மூன்றாவதாக ஒன்று உண்டு. அதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. தன் மீதான வழக்கின் ஆவணங்களை, சாட்சி விசாரணை தொடங்கும் முன்பே வாங்கிப் படிக்கும் உரிமைதான் அது.

வெறும் ஜெராக்ஸ் காப்பி, இதில் என்ன பெரிய உரிமை என்று தோன்றலாம். ஒரு உதாரணம் பார்ப்போம். இரவில் ஒரு அடிதடி. நேரில் பார்த்த ஒருவர் போலீஸிடம், "இருட்டாக இருந்தது, முகம் தெரியவில்லை" என்கிறார். ஒன்றரை வருடம் கழித்து அதே ஆள் சாட்சிக் கூண்டில் ஏறி, "இவர்தான் அடித்தார், நன்றாகப் பார்த்தேன்" என்கிறார். போலீஸ் எழுதி வைத்த பழைய வாக்குமூலத்தைக் காட்டி, "அன்று அப்படிச் சொன்னீர்களே?" என்று குறுக்கு விசாரணையில் கேட்கலாம். சட்டம் அதை அனுமதிக்கிறது. ஆனால் அந்த நகல் கையில் இல்லையென்றால்? வக்கீல் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் கேள்வியே பிறக்காது...

இந்தியாவில் 1973-ம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 207-வது பிரிவு இந்த உரிமையைத் தந்தது. குற்றப்பத்திரிகை, முதல் தகவல் அறிக்கை, சாட்சிகளின் வாக்குமூலங்கள், ஒப்புதல் வாக்குமூலம் ஏதும் இருந்தால் அது, போலீஸ் தாக்கல் செய்த மற்ற ஆவணங்கள் எல்லாவற்றின் நகலையும் நீதித்துறை நடுவர் இலவசமாகத் தர வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. அதில் இது 230-வது பிரிவு. பழைய சட்டம் "தாமதமின்றி" என்று மட்டும் சொன்னது. புதியது, குற்றம் சாட்டப்பட்டவர் ஆஜரான நாளிலிருந்து 14 நாட்களுக்குள் தர வேண்டும் என்று கெடு வைக்கிறது.

ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. போலீஸ் எதை நம்பி வழக்கு நடத்துகிறதோ, அந்த ஆவணங்கள்தான் இந்தப் பிரிவில் வருகின்றன. போலீஸ் கைப்பற்றிவிட்டு, "இது நமக்கு வேண்டாம்" என்று ஒதுக்கி வைத்தவை? அவற்றில்தானே குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமானது இருக்க வாய்ப்பு அதிகம்!

இந்தக் கேள்வி, ஜெயலலிதா மீதான சொத்துக்குவிப்பு வழக்கில் எழுந்தது. வழக்கு தமிழ்நாட்டிலிருந்து பெங்களூருக்கு மாற்றப்பட்டிருந்தது. குற்றப்பத்திரிகையோடு நீதிமன்றத்துக்கு வந்த ஆவணங்களில் அரசு தரப்பு சான்றாகக் குறியீடு செய்யாதவற்றைப் பார்க்க வேண்டும் என்று சசிகலா கேட்டார். கீழ் நீதிமன்றமும் கர்நாடக உயர் நீதிமன்றமும் மறுத்தன. 2012 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அவற்றைப் பார்வையிட அனுமதி தந்தது.

அப்படியானால் குற்றவாளி தப்பிக்க வழி செய்துவிட்டார்களா? இல்லை. 2017 பிப்ரவரியில் அதே உச்ச நீதிமன்றம்தான் சசிகலாவுக்கு விதிக்கப்பட்ட 4 ஆண்டு தண்டனையை உறுதி செய்தது. கேட்ட காகிதத்தைக் காட்டிய பிறகு தரும் தண்டனையை, "மறைத்துவிட்டார்கள்" என்று யாரும் குறை சொல்ல முடியாது. இந்த உரிமை குற்றம் சாட்டப்பட்டவருக்கு மட்டுமல்ல, தீர்ப்புக்கும் பலம்.

2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இன்னொரு படி மேலே போனது. போலீஸ் பயன்படுத்தாமல் விட்ட வாக்குமூலங்கள், ஆவணங்கள், பொருட்கள் என்னென்ன என்று ஒரு பட்டியலும் தரப்பட வேண்டும் என்று மாதிரி விதிகளில் சேர்த்தது. என்ன இருக்கிறது என்றே தெரியாதவன் எதைக் கேட்பான்? ஆகவே பட்டியல்தான் முதல் சாவி.

எல்லையே இல்லையா என்றால், உண்டு. கேரளத்தில் 2017-ல் ஒரு நடிகை தாக்கப்பட்ட வழக்கில், அந்தக் காட்சிகள் அடங்கிய மெமரி கார்டின் நகல் கேட்கப்பட்டது. மெமரி கார்டில் உள்ளதும் ஆவணம்தான், ஆனாலும் பாதிக்கப்பட்டவரின் அந்தரங்கத்தைக் காக்க நகல் தர முடியாது, வக்கீலோடும் நிபுணரோடும் வந்து பார்க்கலாம் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டு பேரின் உரிமைக்கும் இடம் விட்ட தீர்ப்பு.

இனி வரும் சிக்கல் வேறு மாதிரியானது. புதிய சட்டப்படி ஆவணங்களை மின்னணு வடிவில் கொடுத்தாலே கொடுத்ததாகிவிடும். பெரிய வழக்குகளில் காகிதம் மிச்சம், நல்லதுதான். ஆனால் ஜாமீன் கிடைக்காமல் சிறையில் இருக்கும் ஒரு கூலித் தொழிலாளி பென் டிரைவை எதில் போட்டுப் பார்ப்பார்? எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு யார் வாசித்துக் காட்டுவார்கள்? "நகல் பெற்றுக்கொண்டேன்" என்று அவர் வைக்கும் கைநாட்டு, அதில் இருப்பதைப் புரிந்துகொண்டார் என்பதற்குச் சான்று ஆகாது.

பணம் இருப்பவருக்காக, விடுபட்ட பக்கத்தைக் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போக வக்கீல்கள் உண்டு. இல்லாதவருக்கு இருப்பது அந்தப் 14 நாட்களும், கட்டைப் பிரித்துப் பக்கங்களைச் சரிபார்க்கும் ஒரு பொறுமையான நடுவரும்தான்.