ஏழைவரியும் நாட்டின் செல்வமும்

கலாசாலையிற் பயின்ற காலத்தில் யாம் ஒரு சொற்போரிலே பரிசு பெற்றோம். ஏழைகட்கு அரசாங்கத்தார் செய்யும் உதவி நாட்டின் செல்வப் பெருக்கைத் தடுக்கும் என்பதே எமது கட்சி. அதற்கு யாம் காட்டிய சான்று, இங்கிலாந்து தேசத்துப் பழைய ஏழைவரிச் சட்டம்.

1601-ஆம் ஆண்டில், எலிசபெத்து அரசியார் காலத்தில் நிறைவேறிய அச்சட்டத்தின்படி, ஒவ்வொரு திருச்சபைச் சேகரமும் தன் எல்லையிலுள்ள நிலபுலங்களின்மீது வரி தண்டித் தன் ஏழைகளைப் பேணல் வேண்டும். 1795-இல் ரொட்டியின் விலை மிக ஏறியபோது, பெர்க்‌ஷயர் நீதிபதிகள் ஸ்பீனம்லாந்து என்னுமிடத்திற் கூடி, அவ்விலைக்கும் குடும்பத்தார் தொகைக்கும் ஏற்பக் கூலிக்குறையை நிரப்ப ஏற்பாடு செய்தனர். 1818-இல் ஏழைகட்கான செலவு ஏறத்தாழ 80 லட்சம் பவுன் ஆயிற்று. இஃது உழைப்பாளியைச் சோம்பனாக்கிற்று என்று 1834-இல் விசாரணைக் குழுவினர் எழுதினர்; யாமும் அதனை அப்படியே ஒப்புவித்தோம். அவ்வாண்டுப் புதுச் சட்டமோ, உடல்வலியுள்ளோர் உதவி வேண்டின், கணவன் வேறு மனைவி வேறாகத் தொழில்விடுதியில் அடைபடுக என்றது. இப்பகுதியை யாம் மேடையிற் சொல்லவில்லை.

பின்னர்ப் பொருளாதாரம் கற்பிக்கும் ஆசிரியராய் அமர்ந்த பின்னரே, மார்க் பிளாக் என்பார் 1963-இல் எழுதிய கட்டுரை எம் கைக்கு எட்டிற்று. குழுவினர் தாம் திரட்டிய விடைகளைச் செவ்வனே ஆராயாது முடிவு கட்டினர் என்று அவர் காட்டியிருந்தார். அதனினும் எம்மைத் திகைப்பித்தது பிறிதொன்று. ஐரோப்பாவில் ஏழைகட்கு மிகுதியாய்ச் செலவிட்ட அந்நாடன்றோ ஆலைத்தொழிலிலும் முந்திற்று! 1693-94-இல் பிரான்சிலே பஞ்சத்தாற் பல லட்சம் மக்கள் மாண்டனர். இங்கிலாந்தில் அத்தகைய பெருஞ்சாவு நேர்ந்ததில்லை. முதுமையிலும் நோயிலும் சேகரத்தார் கைவிடார் என்னும் துணிவுள்ளவன், துண்டு நிலத்தைப் பற்றிக் கிடவாது கூலிவேலைக்குப் புறப்படுவான் என்பது வரலாற்றாசிரியர் சிலர் கருத்து. ஏழைவரியே செல்வத்தை விளைத்தது என்று கூற யாம் துணியோம். நிலக்கரியும் கடல் வாணிகமும் இருந்தன. தடுத்தது என்பதற்கோ சான்று காணோம். பல நாட்டுக் கணக்குகளை ஆராய்ந்து பீட்டர் லிண்டர்ட் 2004-இல் வெளியிட்ட நூலும் இவ்வாறே கூறுகின்றது.

சொற்போர் முடிந்த வாரம் யாம் ஊருக்குச் சென்றிருந்தோம். 1982-இல் சத்துணவுத் திட்டம் தொடங்கிய நாள்முதல், தொடக்கப் பள்ளியில் எமது தட்டிற் சோறிட்ட ஆயா வழியில் எதிர்ப்பட்டு, "பரிசு வாங்கினியாமே, என்ன பேசினே ராசா?" என்று கேட்டார்.

திருக்குறளைப் பற்றி என்றோம்.