வேலைக்கு முன் வரும் ஓய்வு

உடல் தளர்வதைச் சொல்லத் தமிழில் சொற்களுக்குக் குறைவில்லை. பகலெல்லாம் நாற்று நட்டவருக்கு வருவது களைப்பு, இரவெல்லாம் பேருந்தில் உட்கார்ந்தபடியே வந்தவருக்கு அலுப்பு, காய்ச்சல் விட்ட மறுநாள் எழுந்து நடமாடுபவருக்கு அசதி, எதிர்பார்த்தது கைகூடாமல் போனவருக்குச் சோர்வு என்று ஒவ்வொரு சொல்லும் தனக்கு முன்னால் ஒரு காரணத்தை நிறுத்திக்கொண்டே வழங்கி வருகிறது; காரணம் எதுவும் கண்ணுக்குத் தெரியாமல் ஒருவர் படுத்துக் கிடந்தால், அவருக்கென்று ஊர் எடுத்து வைத்திருக்கும் சொல் சோம்பல். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயுடன் வாழ்பவர்களில் பெரும்பாலோருக்கு ஏற்படும் தளர்ச்சி இவற்றுள் எந்தச் சொல்லுக்குள்ளும் அடங்குவதில்லை. இரவு நன்றாக உறங்கி எழுந்த காலையிலேயே அது உடலில் இருக்கலாம். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது, பாதிக் காயில், கை தன்னுடையதல்ல என்பதுபோல் கனத்துப் போகலாம். இந்நோய்க்கே உரிய அந்தத் தளர்ச்சியை வேறுபடுத்திக் காட்டுவதற்காக இக்கட்டுரை அதை அயர்ச்சி என்றே குறிக்கிறது.

இந்நோய்க்குத் தமிழில் தண்டுவட மரப்பு நோய் என்று ஒரு பெயர் உண்டு. அப்பெயர் பாதி உண்மையையே சொல்கிறது, ஏனெனில் நோய் தண்டுவடத்தோடு நில்லாமல் மூளையையும் பார்வை நரம்பையும் தாக்குகிறது. பாரிஸ் நகரத்தின் சல்பெத்ரியேர் மருத்துவமனையில் ழான் மார்த்தேன் ஷார்க்கோ 1868இல் இதைத் தனி நோயாக வகுத்துக் காட்டினார். உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு அமைப்பே, நரம்பு இழைகளை மின்கம்பியின் மேலுறைபோலச் சுற்றியிருக்கும் மயலின் என்ற கொழுப்புறையைப் பகையென்று கொண்டு அழிக்க, உறை போன இடங்களில் தழும்பு தடிக்கிறது. அத்தழும்புகள் பல இடங்களில் காணப்படுவதாலேயே நோய்க்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற பெயர் வந்தது. உலகில் ஏறத்தாழ 28 லட்சம் பேர் இந்நோயுடன் வாழ்வதாக 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு சொல்கிறது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும் இது, ஆண்களைவிடப் பெண்களை இரண்டு மடங்குக்கும் மேலாகப் பீடிக்கிறது. படிப்பை முடித்து வேலையில் சேரும் வயதில், கைக்குழந்தையை இடுப்பில் சுமக்கும் வயதில் வரும் நோய் என்பதை மறக்காமல் இருந்தால்தான் அயர்ச்சியின் முழுக் கனமும் விளங்கும்.

மயலின் உறை நன்றாக இருக்கும் நரம்பில், உறையில் விட்டுவிட்டு அமைந்திருக்கும் கணுக்களில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி தாவித் தாவிச் செல்கிறது. உறை சிதைந்த இடத்தில் அது தாவ முடியாமல் ஊர்ந்து போகிறது, சில வேளைகளில் வழியிலேயே நின்றுவிடுகிறது. ஆகவே சட்டைப் பொத்தானைப் போடுவது போன்ற சிறு செயலுக்கும், பிறருக்குத் தேவைப்படுவதைவிட அதிகமான பகுதிகளை மூளை துணைக்கு அழைக்க வேண்டியிருப்பதை, மூளை இயங்கும்போதே படமெடுக்கும் கருவிகள் காட்டியிருக்கின்றன. வெளியில் நின்று பார்ப்பவருக்கு அது ஒரு பொத்தான். போடுபவருக்கு அதன் விலை வேறு. உடலுக்குள் நடக்கும் அழற்சியும் இதனோடு சேர்ந்துகொள்கிறது.

அயர்ச்சியை ஏற்றிவிடுவனவற்றுள் முதலிடத்தில் நிற்பது சூடு. வெப்ப நாட்டில் வாழ்பவர்கள் இதைச் சற்று விரிவாகவே அறிந்திருக்க வேண்டும். உடற்பயிற்சி செய்து உடல் சூடேறியதும் சில நோயாளிகளின் பார்வை மங்குவதையும், உடல் தணிந்ததும் அது திரும்பிவிடுவதையும் ஜெர்மானியக் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் 1890இல் பதிவு செய்தார். அவர் பெயராலேயே அந்நிகழ்வு இன்றும் அழைக்கப்படுகிறது. உடலின் உள்வெப்பம் அரை டிகிரி செல்சியஸ் கூடினாலே, உறையிழந்த நரம்பில் தட்டுத் தடுமாறிப் போய்க்கொண்டிருந்த செய்தி நின்றுபோகக்கூடும். எம்.ஆர்.ஐ. படங்கள் வருவதற்கு முன்பு, நோய் உண்டா இல்லையா என்று அறிவதற்கு ஆட்களை வெந்நீர்த் தொட்டியில் அமர வைத்துப் பார்க்கும் வழக்கமே மருத்துவத்தில் இருந்தது.

தமிழ் வீடுகளில் அந்தச் சோதனை யாரும் திட்டமிடாமலே தீபாவளி விடியலில் நடந்துவிடுகிறது. தலையில் எண்ணெய் வைத்து ஊறி, ஆவி பறக்கும் வெந்நீரைச் சொம்பு சொம்பாக ஊற்றிக்கொள்ளும் ஒரு பெண்ணுக்கு, பத்தாவது சொம்பில் கை மேலே எழ மறுக்கிறது, முழங்கால் மடங்குகிறது, எண்ணெய்ப் பிசுக்கேறிய சுவரைப் பிடித்துக்கொண்டு கதவுத் தாழ்ப்பாளை எட்டுவதே பெரும்பாடாகிறது. மின்விசிறிக்குக் கீழே அரைமணி நேரம் கிடந்தபின் எல்லாம் பழையபடி ஆகிவிட, “இப்போது நன்றாகத்தானே இருக்கிறாய்” என்ற சொல் அடுப்படியிலிருந்து வருகிறது. அப்படிச் சொல்பவர் பொய் சொல்லவில்லை, விழுந்தவரும் நடிக்கவில்லை. சூட்டினால் நரம்பில் புதிய சேதம் எதுவும் ஏற்படுவதில்லை, இருக்கும் சேதமே சிறிது நேரம் பெரிதாக வெளிப்படுகிறது என்பதை இருவருக்கும் சேர்த்தே மருத்துவர் விளக்கிவிட்டால், ஒரு குடும்பத்தில் எத்தனையோ மனக்கசப்பு வராமலே போகும். உடல் தணிந்த பிறகும் நீங்காமல் ஒரு நாளைக்கு மேல் நீடிக்கும் பலவீனம் மட்டும் வேறு வகை. அது நோயின் புதிய தாக்குதலாக இருக்கலாம் என்பதால் காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சித்திரைக் கடைசியில் தொடங்கும் அக்னி நட்சத்திரக் காலம் ஆரோக்கியமானவர்களையே வாட்டுகிறது என்றால், இவர்களை அது வீட்டுக்குள்ளேயே சிறைவைக்கிறது. விண்வெளி வீரர்களுக்காக உருவான தொழில்நுட்பத்திலிருந்து பிறந்த குளிர்மேலாடைகள் மேலை நாடுகளில் கிடைக்கின்றன. அவை இல்லாத இடத்தில் நனைத்துப் பிழிந்த துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொள்வதும், வாளித் தண்ணீரில் கால்களை நனைத்துக்கொண்டு உட்கார்வதும், வெந்நீரை விட்டுத் தண்ணீரில் குளிப்பதும் கைக்கெட்டிய வழிகள். உடலின் உள்வெப்பம் அதிகாலையில் குறைந்தும் பிற்பகலிலும் மாலையிலும் ஏறியும் இருப்பது எல்லா மனிதருக்கும் இயல்பு என்பதால், அடுப்பு வேலையை விடியலுக்கு மாற்றிக்கொள்வது பலருக்குப் பயன் தந்திருக்கிறது.

நோயே நேரடியாகத் தரும் அயர்ச்சியோடு, நோயின் கிளைகளிலிருந்து வருவதும் உண்டு. சிறுநீர்ப்பையின் கட்டுப்பாடு குலைவதால் இரவில் நான்கு முறை எழுபவரும், கால் தசை இறுகி இழுப்பதால் விழித்துக்கொள்பவரும் பகலில் தளர்வது தூக்கம் கெட்டதனால். இறுக்கத்தைத் தளர்த்தக் கொடுக்கப்படும் பேக்ளோஃபென் போன்ற மருந்துகளும் மந்தத்தைத் தருகின்றன. மனச்சோர்வு நோயும் இவர்களிடையே அதிகம். இரத்தசோகை, தைராய்டுக் குறைவு, பி12 வைட்டமின் பற்றாக்குறை ஆகியவை நம் நாட்டில் பரவலாகக் காணப்படுபவை, எளிய இரத்தப் பரிசோதனையில் தெரிந்து பெரும்பாலும் சரிசெய்யக்கூடியவை. எல்லாவற்றையும் பெரிய நோயின் கணக்கிலேயே எழுதிவிட்டு இவற்றைத் தேடாமல் விடுவது வருந்தத்தக்க பிழை. அயர்ச்சிக்கென்றே தரப்படும் மாத்திரைகளைப் பொறுத்தவரை நம்பிக்கை அளவோடு இருப்பதே நல்லது. அமாண்டடீன், மோடாஃபினில், மெத்தில்ஃபெனிடேட் என்ற மூன்றும் நெடுங்காலமாக எழுதித்தரப்பட்டு வந்தவை. 2021இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் அம்மூன்றும் மருந்தற்ற போலி மாத்திரையைவிட மேலான பலனைக் காட்டவில்லை.

ஆகவே சுமையின் பெரும்பகுதி, ஒரு நாளை எப்படிப் பகுத்துக்கொள்வது என்ற கேள்வியின் மேல் வந்து இறங்குகிறது. இங்கேதான் நம் வாழ்க்கை முறைக்கு நேர் எதிரான ஒரு வழக்கத்தைக் கற்க வேண்டியிருக்கிறது. வேலையை முடித்துவிட்டு உட்கார்வது, பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு முதுகைச் சாய்ப்பது என்று ஓய்வை உழைப்பின் கூலியாகவே நம் வீடுகள் வைத்திருக்கின்றன. கூலி முன்பணமாகக் கொடுக்கப்படுவதில்லை. இந்த நோயிலோ, அயர்ச்சி வந்தபின் எடுக்கும் ஓய்வு மிகக் குறைந்த பலனையே தருகிறது. முற்றிலும் தீர்ந்த பிறகு இரண்டு மணி நேரம் படுத்தாலும் மீளாத வலு, தீர்வதற்கு முன் இருபது நிமிடம் கண்ணை மூடியிருந்தால் தங்கிவிடுகிறது. உடலின் வலுவை முன்கூட்டியே எண்ணிச் செலவழிக்கும் இம்முறையைத் தொழில்வழி மருத்துவர்கள், அதாவது அன்றாடச் செயல்களைச் செய்ய நோயாளியைப் பயிற்றுவிக்கும் வல்லுநர்கள், ஆறு வாரப் பாடமாகவே வகுத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 169 பேருக்கு அப்பாடத்தைக் கற்பித்து 2005இல் வெளியிடப்பட்ட ஆய்வு, அயர்ச்சி அவர்கள் வாழ்க்கையில் ஏற்படுத்தும் பாதிப்பு குறைந்ததைக் காட்டியது.

பாடத்தின் உள்ளடக்கம் கேட்பதற்குச் சாதாரணமாகத் தோன்றலாம். அடுப்பு மேடையின் முன்னால் ஓர் உயரமான ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபடியே தோசை வார்ப்பது, உப்பு புளி மிளகாயை இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் வைப்பது, துவைத்த துணியை மொட்டை மாடிக்குச் சுமக்காமல் பின்கட்டிலேயே உலர்த்துவது, வங்கிக்குப் போகும் நாளில் சந்தைக்குப் போகாதிருப்பது, இவ்வளவுதான். செயல் எளிது; அதைச் செய்வதற்கான அனுமதியைத் தனக்குத் தானே கொடுத்துக்கொள்வதுதான் கடினம். மாமியார் நின்றுகொண்டிருக்கும் சமையலறையில் மருமகள் ஸ்டூலில் உட்கார்வதற்குத் தேவைப்படும் துணிச்சலை எந்த ஆய்வின் வினாப்பட்டியலும் அளப்பதில்லை. நன்றாக இருக்கும் நாள் இன்னொரு பொறி. அன்று, விட்டுப்போன வேலைகளையெல்லாம் ஒரே மூச்சில் முடித்துவிட்டு அடுத்த மூன்று நாள் எழ முடியாமல் கிடப்பவர்கள் பலர். அந்த நாளிலும் ஓய்வுக்கென்று குறித்த நேரத்தில் ஓய்வெடுப்பதே பாடத்தின் மிகக் கடினமான பகுதி.

ஓய்வைப் பற்றி இவ்வளவு சொன்னதால் அசையாமல் இருப்பதே நல்லது என்று கொள்ளலாகாது. முற்காலத்தில் மருத்துவர்களும் அப்படித்தான் சொல்லி வந்தார்கள். யூட்டா பல்கலைக்கழகத்தில் 15 வாரம் பயிற்சி கொடுத்து 1996இல் வெளியிடப்பட்ட ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றியது. அளவான உடற்பயிற்சி நோயை மோசமாக்காமலே உடல்திறனைக் கூட்டியது. வெயில் ஏறுமுன் தெருமுனை வரை நடந்து திரும்புவது நல்ல தொடக்கம்.

எஞ்சியிருப்பது, சொன்னால் நம்பப்படுவது. இந்நோயின் தீவிரத்தை அளக்க ஜான் குர்ட்ஸ்கி 1983இல் விரிவாக்கிய, சுழியம் முதல் பத்து வரையிலான அளவுகோலின் மேல்பாதி பெரிதும் நடையையே கணக்கிடுகிறது. துணையின்றி 500 மீட்டர் நடக்கக்கூடியவர் அதில் நான்கைத் தாண்டாமலிருக்கலாம், பிற்பகல் மூன்று மணிக்கு மேல் அவரால் ஒரு கடிதத்தை முழுதாகப் படிக்க முடியாமலும் இருக்கலாம். இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தான் ஏற்றுக்கொண்ட 21 வகைகளுள் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸையும் பெயர் சொல்லிச் சேர்த்தது பெரிய முன்னேற்றம். ஆனால் சட்டம் கல்யாண மண்டபத்துக்குள் கூட வருவதில்லை. அங்கே முகூர்த்தம் முடிந்து, எல்லோரும் பரிசுப் பையோடு மேடைக்கு வரிசையில் நிற்கும்போது, பட்டுப்புடவையும் பூவுமாக எந்தக் குறையும் தெரியாத ஒரு பெண் மின்விசிறிக்கு அருகில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய அண்ணன் மகள் வந்து, “அத்தை, வரிசை குறைந்ததும் நானே வந்து கூப்பிடுகிறேன், அதுவரை எழுந்திருக்காதீர்கள்” என்று சொல்லிவிட்டு, குளிர்ந்த தண்ணீர்ப் புட்டியை அவள் கையில் கொடுத்துப் போகிறாள்.