ஒரு மீற்றர் கம்பி



ஊர்ச் சொந்தங்களே, பெற்றோர்களே, எங்களிடம் படித்துவிட்டு இப்போது வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே! இது கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பிளேன்டீயை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள். கடைசியில் உங்களிடம் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது.

தரம் 11 விஞ்ஞானத்தில் அலைகள் பற்றிய பாடம் வருகிறது. வேகம் சமன் மீடிறன் தர அலைநீளம். இந்தச் சமன்பாட்டைப் பிள்ளைகள் எல்லோரும் பாடமாக்குவார்கள், பரீட்சையில் எழுதுவார்கள், அடுத்த மாதம் மறந்துவிடுவார்கள். இந்த முறை அப்படி மறக்க விடக்கூடாது என்று நினைத்தோம். அதனால் பாடத்தைத் தொடங்கும்போதே, "உங்கட வீட்டுல டீவி ஓடுதா?" என்று கேட்டோம்.

வகுப்பில் 34 பிள்ளைகள். 31 பேருடைய வீட்டில் டீவி இருக்கிறது. அதில் 12 வீடுகளில் டீவி ஓடுவதில்லை. டீவியில் ஒரு பழுதும் இல்லை. டிஷ்ஷுக்குச் சல்லி போடவில்லை, அவ்வளவுதான்.

ஏன் என்று கேட்கத் தேவையில்லை. 2022ஆம் ஆண்டை நாம் யாரும் மறக்கவில்லை. ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். கேஸுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்றோம். அந்த நாட்களில் வீட்டுச் செலவில் கை வைக்கும்போது பலர் முதலில் நிறுத்தியது டிஷ் சல்லியைத்தான். பிறகு வரிசைகள் போய்விட்டன, சாமான் விலை இறங்கவில்லை. நிறுத்திய டிஷ் நிறுத்தியபடியே கிடக்கிறது. மாதம் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் என்பது கூலிக்குப் போகும் வாப்பாவுக்கு ஒரு நாள் உழைப்பில் பெரிய பங்கு.

ஒரு மாணவி எழும்பிச் சொன்னாள்: "எங்கட உம்மும்மாக்கு நடக்க ஏலாது டீச்சர். அவக்குத் துணை அந்த டீவிதான். இப்ப அதுக்கு மேல துணி போட்டு மூடி வெச்சிருக்கம்."

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. அந்த உம்மும்மாவின் டீவியை ஓட வைப்பதுதான் இந்தத் தவணைக்கு எங்கள் செய்முறை வேலை என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

இளம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. சல்லி கட்டாமல் பார்க்கக்கூடிய செனல்கள் இப்போதும் நம் கூரைக்கு மேலால் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. இலங்கையில் தொலைக்காட்சி 1979 ஏப்ரலில் ஐ.டி.என். உடன் தொடங்கியது. 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி வந்தது. அப்போது டிஷ்ஷும் இல்லை, ரீசார்ஜும் இல்லை. ஒரு குழாயின் உச்சியில் மீன்முள் மாதிரி ஒரு அன்டனா, அவ்வளவுதான். ஒருவர் கூரையில் நின்று அதைத் திருப்புவார். ஜன்னலால் இன்னொருவர் "வந்திச்சு, வந்திச்சு... ஆ, போயிட்டு!" என்று கத்துவார். அந்தக் காலத்துக் கதை நம்முடைய வாப்பாமாருக்கெல்லாம் தெரியும்.

அந்த அலைகளை யாரும் நிறுத்தவில்லை. நாம்தான் அன்டனாவைக் கழற்றிப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிட்டோம். நேத்ரா, வசந்தம், சக்தி என்று தமிழ்ச் செனல்கள் இன்றைக்கும் காற்றில் சும்மா வருகின்றன. 2020இல் கொரோனாவுக்காகப் பாடசாலைகளை மூடியபோது 'குரு கெதர' பாடங்களைத் தமிழில் நேத்ரா டீவியில் போட்டார்கள். ஸூமுக்கு டேட்டா இல்லாத பிள்ளைக்கு அது ஒரு வழியாக இருந்தது. ஆனால் டிஷ்ஷும் வெட்டுப்பட்டு, கூரையில் அன்டனாவும் இல்லாத வீட்டுக்கு அந்த வழியும் அடைபட்டுப் போனது. இதை அப்போது வீடு வீடாகப் போய் பயிற்சித்தாள் கொடுத்த நாங்கள் கண்ணால் பார்த்தோம்.

சரி, எப்படிச் செய்தோம் என்று சொல்கிறோம். பிள்ளைகளின் கொப்பியில் இருக்கும் அதே கணக்குத்தான்.

மின்காந்த அலை ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 30 கோடி மீற்றர் போகும். நம் நாட்டில் பெரும்பாலான செனல்கள் வருவது யூஎச்எஃப் என்ற பகுதியில். அதன் நடுவில் 600 மெகா ஹேர்ட்ஸை எடுத்துக்கொண்டோம். அதாவது செக்கனுக்கு 60 கோடி அதிர்வு. 30ஐ 60ஆல் பிரித்தால் அரை. அலைநீளம் அரை மீற்றர், 50 சென்ரிமீற்றர். அதில் கால்வாசி 12.5 சென்ரிமீற்றர்.

நாங்கள் செய்த அன்டனா இரண்டு சாய்சதுரங்கள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக நிற்பது போல இருக்கும், எட்டு என்ற இலக்கத்தைக் கோணலாக எழுதினது மாதிரி. ஒவ்வொரு பக்கமும் 12.5 சென்ரிமீற்றர். மொத்தம் எட்டுப் பக்கம். எட்டுத் தர 12.5 எவ்வளவு? நூறு. சரியாக ஒரு மீற்றர் கம்பி! இந்தக் கணக்கு வந்ததும் பின் வரிசையில் தூங்கும் பிள்ளைகள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

வயரிங் வேலை செய்யும் ஒரு நானா மிஞ்சிய 7/029 வயர் துண்டு தந்தார். மேல் பிளாஸ்டிக்கை உரித்தால் ஏழு செப்பு இழைகள் முறுக்கிக்கொண்டு இருக்கும். நுனிகளைச் சேர்ப்பதற்கு இரண்டு சென்ரிமீற்றர் கூடுதலாக வெட்டினோம். நடுவில் தொடங்கி, மேல் சாய்சதுரத்தைச் சுற்றி நடுவின் மற்றப் பக்கத்துக்கு வந்து, கீழ் சாய்சதுரத்தைச் சுற்றித் தொடங்கிய இடத்திலேயே முடித்தோம். நடுவில் கம்பியின் இரண்டு மூலைகள் எதிரெதிராக நிற்கும். அவை ஒன்றையொன்று தொடக்கூடாது, ஒரு விரல் இடைவெளி வேண்டும். மேல் நுனியையும் கீழ் நுனியையும் ஒரு மரச் சட்டத்தில் கட்டினோம்.

பின்னால் கோழிக்கூட்டு வலையை 45க்கு 30 சென்ரிமீற்றர் அளவில் பலகைச் சட்டத்தில் அடித்தோம். கம்பிக்கும் வலைக்கும் இடையில் ஆறு, ஏழு சென்ரிமீற்றர். வலையில் பட்ட அலை திரும்பிக் கம்பிக்கே வரும். டோர்ச்சின் பின்னால் இருக்கும் வெள்ளிக் கிண்ணம் செய்யும் வேலைதான் இது.

கேபிள் மட்டும் கடையில் வாங்கினோம், ஆர்ஜீ 6. அதன் நடுக் கம்பியை ஒரு மூலையிலும், சுற்றியிருக்கும் வலைப்பின்னலை மற்ற மூலையிலும் ஈயத்தால் ஒட்டினோம். இரண்டும் தொட்டுக்கொண்டால் படம் வராது. ஒட்டிய இடத்தைத் தண்ணீர்ப் போத்தல் துண்டால் மூடி டேப் சுற்றினோம், மழைத் தண்ணீர் கேபிளுக்குள் போனால் எல்லாம் வீண். 15 மீற்றர் கேபிளும் டீவியில் செருகும் முனையும் சேர்த்து 2,000 ரூபாய்க்கு உள்ளே முடிந்தது. மற்றதெல்லாம் வீட்டுப் பின்புறத்தில் கிடந்த சாமான்.

இந்த எட்டு நிமிர்ந்து நிற்க வேண்டும். படுக்க வைத்தால் அலை பலவீனமாகும். நம் நாட்டு டீவி அலைகள் பெரும்பாலும் கிடையாக அதிர்கின்றன, எட்டை நிறுத்தினால்தான் அந்த அதிர்வு கம்பியோடு பொருந்தும். இதை வகுப்பிலேயே திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள் பிள்ளைகள். சொல்லிக் கொடுத்தால் மறக்கலாம், கையில் வைத்துத் திருப்பினால் மறக்காது.

அடுத்த பிரச்சினை மலை. நம் ஊர் சுற்றிவர மலை உள்ள ஒரு கிண்ணம். இந்த அலைகள் மலையைச் சுற்றி வளைந்து வருவது குறைவு. அனுப்பும் கோபுரம் நம் கூரைக்கு நேராகத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்து மலையில் பட்டுத் தெறித்தாவது வர வேண்டும். கண்டிப் பக்கத்தில் ஹந்தான மலையில் கோபுரங்கள் இருக்கின்றன. தூரத்தில் நுவரெலியாவில் பிதுருதலாகல, 2,524 மீற்றர், இலங்கையிலேயே உயர்ந்த மலை. அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் திசை வேறு. ஒரு வீட்டில் கூரை உச்சியில் வராத படம் கிணற்றடியில் வரும். டீவியில் ஒரு உருவத்துக்குப் பக்கத்தில் இன்னொரு மங்கலான உருவம் தெரிந்தால், நேராக வந்த அலையோடு மலையில் தெறித்த அலையும் சேர்ந்து வருகிறது என்று அர்த்தம். கொஞ்சம் திருப்பினால் போய்விடும்.

ஒரு சனிக்கிழமை அசருக்குப் பிறகு அந்த மாணவியின் வீட்டுக்குப் போனோம். அவளுடைய நானா கூரையில் ஏறினார். கீழே ஆறு பிள்ளைகள், ரிமோட் ஒருத்தியின் கையில். புது டீவியென்றால் மெனுவில் ஏடிவி என்பதைத் தெரிவு செய்து ஓட்டோ டியூன் கொடுக்க வேண்டும். முதலில் வெறும் புள்ளியும் இரைச்சலும். நானா திருப்பத் திருப்ப இரைச்சலுக்குள் ஒரு குரல் கேட்டது, பிறகு ஆள் தெரிந்தார். முழுப் பட்டியலும் வரவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஏழு செனல்கள் தெளிவு. தமிழில் இரண்டு. மூன்றாவது தமிழ்ச் செனல் புள்ளியோடுதான் வந்தது, அந்த வீட்டுக்கு எதிரில் மலை இருக்கிறது. உம்மும்மா கட்டிலில் இருந்தபடி, "இதுக்கு மாசம் எவ்வளவு மகள்?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொன்னோம். அவர் நம்பவில்லை. பேத்தியைக் கூப்பிட்டு இரகசியமாக இன்னொரு தரம் கேட்டார்.

டீவி பார்ப்பது அவ்வளவு பெரிய தேவையா, பிள்ளைகள் படிப்பை விட்டுவிடுவார்களே என்று சில பெற்றோர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. நாடகம் பார்க்க வைப்பது எங்கள் நோக்கமில்லை.

சென்ற நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நம் மாவட்டத்தில் மண்சரிவு எத்தனை உயிர்களைக் கொண்டு போனது என்று உங்களுக்குத் தெரியும். ஃபோன் சிக்னல் இல்லை. டேட்டா இல்லை. மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மண்சரிவு எச்சரிக்கை மூன்று நிறத்தில் வரும். சிவப்பு என்றால் வீட்டை விட்டு வெளியேற வேண்டும். நம் பகுதிக்கு எந்த நிறம் என்று தெரியாமல் சரிவுக்குக் கீழே பிள்ளைகளை வைத்துக்கொண்டு எத்தனை குடும்பங்கள் விழித்திருந்தன! எங்கள் பக்கத்தில் கரண்ட் முதலில் வந்தது, ஃபோன் சிக்னல் பிறகுதான் வந்தது. அந்த இடைவெளியில் அன்டனா இருந்த வீடுகள்தான் செய்தி பார்த்தன. மற்றவர்கள் அந்த வீட்டு வாசலில் போய் நின்றார்கள். கரண்ட் இல்லாத நேரத்துக்கு பற்றரி ரேடியோவை மிஞ்ச ஒன்றுமில்லை, அதையும் ஒவ்வொரு வீட்டிலும் வைத்திருங்கள். ஆனால் கரண்ட் இருந்தும், டீவி இருந்தும், சல்லி கட்டாததால் ஒரு வீட்டுக்குச் செய்தி வராமல் இருப்பதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அதுவும் அந்தச் செய்தி நம் மொழியில் நம் கூரைக்கு மேலால் போய்க்கொண்டிருக்கும்போது.

"டிஜிட்டல் வரப்போகுதே, இது பிறகு வேலை செய்யுமா?" என்றும் கேட்டார்கள். இலங்கை 2014இல் ஜப்பானின் டிஜிட்டல் முறையைத் தெரிவு செய்தது. அந்த முறையும் யூஎச்எஃப் அலைகளைத்தான் பாவிக்கிறது. ஆகவே அன்டனா இதே அன்டனாதான், டீவிக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி தேவைப்படலாம். 'டிஜிட்டல் அன்டனா' என்று சொல்லி யாராவது கூடிய விலைக்கு விற்றால் ஏமாறாதீர்கள். கம்பிக்கு அனலொக் எது, டிஜிட்டல் எது என்று தெரியாது.

இரண்டு எச்சரிக்கை. கூரையில் ஏறுவது பெரியவர்களின் வேலை, பிள்ளைகளை ஏற்றாதீர்கள். கரண்ட் கம்பி போகும் பக்கம் குழாயை நிமிர்த்தவே வேண்டாம். அடுத்தது, இடி முழங்கத் தொடங்கினால் டீவியிலிருந்து அன்டனா கேபிளைக் கழற்றி விடுங்கள்.

இதுவரை ஒன்பது வீடுகள் முடிந்திருக்கின்றன. இரண்டாவது வீட்டிலிருந்து அளவு எடுத்ததும் வளைத்ததும் பிள்ளைகள்தான், நாங்கள் பக்கத்தில் நின்றோம். சென்ற தவணைப் பரீட்சையில் அலைகள் பற்றிய கேள்வியை விட்டுவிட்டு வந்த பிள்ளை ஒருவரும் இல்லை.

இனி வேண்டுகோள். உங்கள் வீட்டில் மிஞ்சிய செப்பு வயர், கோழிக்கூட்டு வலை, பழைய அன்டனாக் குழாய், பாவிக்காத டிஷ்ஷின் கேபிள் இருந்தால் பழைய இரும்புக்குப் போடாமல் பாடசாலைக்குத் தாருங்கள். டிஷ் கேபிள் பெரும்பாலும் இதே ஆர்ஜீ 6தான், அது கிடைத்தால் செலவு இன்னும் குறையும். துணி போட்டு மூடிய டீவி உள்ள வீடு உங்கள் பக்கத்தில் இருந்தால், அந்த வீட்டுக்காரர் கேட்க வெட்கப்படுவார், நீங்கள் எங்களுக்கு இன்பொக்ஸில் சொல்லுங்கள். பெயர் வெளியில் வராது.

சனிக்கிழமைகளில் அசருக்குப் பிறகு விஞ்ஞான ஆய்வுகூடம் திறந்திருக்கும். அதிபர் சேர் அனுமதி தந்துவிட்டார். நீங்களும் வரலாம், பிள்ளைகள் சொல்லித் தருவார்கள்.