மலையிலிருந்து இறங்கிய ரோஜா

எங்கள் தெருவில் வெள்ளென எழுந்து வாசல் தெளிக்கும்போதே பன்னீர் ரோஜா மணக்கும். வத்தலக்குண்டுக்கு ஒரு பக்கம் கொடைக்கானல் மலை, இன்னொரு பக்கம் நிலக்கோட்டைப் பூச்சந்தை. கருக்கலில் பூப் பறித்து, ஈரச் சாக்கால் மூடிய கூடைகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஆட்கள் போவார்கள். மணியோசை தெருமுனை தாண்டிய பிறகும் அந்த வாசனை எங்கள் திண்ணையிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கும்.

ஆனால் எனக்கு அந்தப் பூ மேல் ஆசையே இல்லை. எடை போட்டு விற்கிற பூ, மாலையில் கட்டுகிற பூ, சாயங்காலத்துக்குள் இதழ் உதிர்கிற பூ. நான் கேட்டது மலை ரோஜா. அப்பா கொடைக்கானல் பஸ்ஸில் கண்டக்டர். அவருடைய தோல்பையைத் திறந்தால் சில்லறைக் காசு வாடையோடு யூகலிப்டஸ் தைல வாடையும் வரும். பிரையன்ட் பூங்காவில் ரோஜா உள்ளங்கை அகலம் பூத்திருக்கிறது என்று சொல்லிச் சொல்லி ஆசையைக் கிளப்பிவிட்டவர், ஒரு சித்திரையில் கறுப்புப் பையில் ஒரு செடியையே கொண்டுவந்துவிட்டார். மஞ்சள் பூ, ஓரமெல்லாம் சிவப்பு. அன்று ராத்திரி அதன் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்தேன்.

7,000 அடி உயரத்தில், மே மாசத்திலும் ஸ்வெட்டர் கேட்கிற குளிரில் வளர்ந்த செடி, எங்கள் மொட்டை மாடி வெயிலைத் தாங்குமா? இலை ஓரம் கருகிச் சுருண்டது. தெருவே யோசனை சொல்ல வந்தது. முட்டை ஓட்டை நுணுக்கிப் போடு என்றார் வாத்தியார். டீத்தூளைக் கழுவிப் போடு என்றாள் எதிர்வீட்டுப் பெரியம்மா. எல்லாவற்றையும் ஒரு 40 பக்க நோட்டில், தலைப்புப் போட்டு, சிவப்பு மையில் கோடும் கிழித்து எழுதி வைத்தேன். பரீட்சைக்குக்கூட அப்படி எழுதியதில்லை.

கடைசியில் அப்பத்தாதான் பூக்கார அத்தையைக் கூட்டிவந்தாள். ரோஜாத் தோட்டத்தில் கூலிக்குப் பூப் பறிக்கிறவர். விரல் நுனியெல்லாம் முள் கீறல். அத்தை பூவைப் பார்க்கவேயில்லை. குனிந்து மண்ணைக் கிள்ளி முகர்ந்தார், செடியின் அடித்தண்டைத் தடவினார். அங்கே ஒரு குருத்து தளதளவென்று கிளம்பியிருந்தது. செடி பிழைத்துவிட்டது என்று நான் தினமும் பார்த்துப் பூரித்த குருத்து. அதைச் சட்டென்று ஒடித்துப் போட்டார். நான் ஓவென்று அழுதேன்.

"அழுகாத தாயி. இது ஒட்டுச்செடி. ஒட்டுக்குக் கீழ துளுக்குறது காட்டு ரோசா. இத விட்டா மேல இருக்கிறத தின்னுப்புடும்."

செடியை மாடியிலிருந்து இறக்கி, கிணற்றடியில் காலை வெயில் மட்டும் விழுகிற முருங்கை மரத்தின் கீழ்ப்பக்கம் வைக்கச் சொன்னார். செம்மண்ணும் மணலும் மக்கிய சாணியும் கலந்து போடணும். தண்ணியை வெள்ளென வேரில் ஊற்றணும், பொழுது சாய இலையை நனைத்தால் கரும்புள்ளி விழும். கடலைப் பிண்ணாக்கை ஊறப்போட்டு, நீர்க்கக் கரைத்து ஊற்றணும். மழை ஓய்ந்ததும் கவாத்து. வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்கு மேலே சாய்வாக வெட்டி, வெட்டுவாயில் சாணி அப்பணும். "வெட்டி 45 நாளு பொறுத்துக்க, பூக்கும்" என்றார்.

பொறுத்தேன். மார்கழிப் பனியில் அந்த மஞ்சள் பூ வந்தது. அப்பா மலையில் பார்த்த அளவு இல்லை, ஆனாலும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாரையும் கூட்டிவந்து காட்டுகிற அளவுக்கு வந்தது. அடுத்த சித்திரையில் மறுபடி சுருங்கிக்கொண்டது. அத்தை துவைகல் பக்கத்தில் சும்மா ஒடித்து ஊன்றிவிட்டுப் போன பன்னீர் ரோஜாப் போத்தோ, சோப்புத் தண்ணீர் தெறிக்கிற அந்த இடத்திலும் அனலிலும் புழுதியிலும் கொத்துக்கொத்தாகப் பூத்தது. அப்பத்தா அந்த இதழ்களைக் கற்கண்டோடு அடுக்கடுக்காகக் கண்ணாடி ஜாடியில் போட்டு, வாயை வெள்ளைத் துணியால் கட்டி, வெயிலில் வைத்துக் குல்கந்து செய்வாள். அணில் போல அந்த ஜாடியையே சுற்றிச்சுற்றி வந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு அப்பா மலையிலிருந்து செடி வாங்கிவரவில்லை. பேரிக்காயும் பிளம்ஸும்தான் வந்தன. ஆனால் பெருமாள்மலையில் யாராவது ரோஜாச் செடியை மடியில் வைத்துக்கொண்டு ஏறினால் விடமாட்டார். எந்த ஊர் என்று கேட்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, கம்பியில் சாய்ந்து நின்றபடி, "மதுரையா? அப்ப மத்தியான வெயில்ல வைக்காதீங்கம்மா. ஒட்டுக்குக் கீழ துளுத்தா பாவம் பார்க்காம ஒடிச்சிருங்க" என்று ஆரம்பித்தால், பஸ் டம் டம் பாறை தாண்டும்வரை ஓயாது என்று டிரைவர் மாமா எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.