மனக்கோயிலும் மின்சார ஸ்கூட்டரும்

திருநின்றவூருக்குப் போயிருக்கிறீர்களா? சென்னையிலிருந்து திருவள்ளூர் போகும் மின்சார ரயிலில் ஏறி, ஆவடியையும் பட்டாபிராமையும் தாண்டினால் வந்துவிடும். 'திரு'வாகிய லட்சுமி வந்து நின்ற ஊராம். பக்தவத்ஸலப் பெருமாள் கோயிலில் தாயாருக்கு 'என்னைப் பெற்ற தாயார்' என்றே திருநாமம்! கேட்கும்போதே மனம் குளிர்கிறதல்லவா?

பூசலார் நாயனாரும் இவ்வூர்க்காரர்தான். சிவனுக்குக் கோயில் கட்ட ஆசை, கையிலோ காசில்லை. ஆகவே கல், மரம், தச்சர் எல்லாவற்றையும் மனத்திலேயே சேர்த்து, மனத்திலேயே கோயிலைக் கட்டி முடித்தார். காஞ்சியில் கற்கோயில் எழுப்பிய பல்லவ மன்னனின் கனவில் இறைவன் தோன்றி, நாளை நின்றவூர்ப் பூசலார் கோயிலுக்குப் போவதால் உன் விழாவைத் தள்ளி வை என்று சொன்னதாகப் பெரிய புராணம் கூறுகிறது.

மின்சார ஸ்கூட்டரில் மூன்று நாள் பிரயாணம் போக நினைப்பவர்களுக்குப் பூசலாரைவிட நல்ல குரு கிடையாது. பெட்ரோல் வண்டியென்றால் வழியில் பார்த்துக்கொள்ளலாம். பாட்டரி வண்டிக்கோ, பிரயாணத்தை முதலில் மனத்தில் முடித்துவிட வேண்டும்.

வாருங்கள், பூசலார் ஊரிலிருந்து அந்தப் பல்லவன் கட்டியதாகச் சொல்லும் கைலாசநாதர் கோயிலுக்கே புறப்படுவோம். திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் காஞ்சி சுமார் 70 கிலோமீட்டர். விற்றவர் 100 கிலோமீட்டர் ஓடும் என்றிருப்பார். இரண்டு பேர், ஒரு பெட்டி, 60 கிலோமீட்டர் வேகம் என்றால் 75 என்றே கணக்கு வையுங்கள். வேகம் கூடக் கூடக் காற்றின் தடையும் கூடி, பாட்டரியைக் குடித்துவிடும்.

ஆகையால் ஸ்ரீபெரும்புதூரில் இறங்கிவிடலாம். 1017-ல் ராமானுஜர் அவதரித்த ஊர். காலையிலேயே தரிசனம் செய்துவிடுங்கள். உச்சிவேளையில் நடை சாத்திவிடுவார்கள். சாப்பாட்டு விடுதியில் அனுமதி கேட்டு, நிழலில் வண்டியை நிறுத்தி, பிளக்கை மாட்டலாம். சூடான பாட்டரிக்கு உடனே சார்ஜ் ஏற்றக் கூடாது, அரைமணி ஆறட்டும். 3 யூனிட் பிடிக்கும் பாட்டரிக்கு 750 வாட் சார்ஜர் ஒரு மணி நேரத்தில் சுமார் 15 கிலோமீட்டருக்கு வேண்டியதைக் கொடுக்கும். சாப்பாடும் பேச்சும் முடிவதற்குள் காஞ்சிக்குக் கவலை தீர்ந்தது!

காஞ்சியில் அறை பிடிக்கும்போது வாடகையை மட்டும் கேட்காதீர்கள். கீழ்த்தளத்தில் மழை படாத இடம் உண்டா, எர்த் இணைப்புள்ள 15 ஆம்பியர் பிளக் உண்டா என்று டெலிபோனிலேயே கேட்டுவிடுங்கள். மெல்லிய வயரை நீட்டி இழுக்கும் யோசனை வேண்டவே வேண்டாம். பாட்டரி கழற்றக்கூடியதாக இருந்தாலும், படுக்கையறைக்குக் கொண்டுபோகாதீர்கள். 2022 மார்ச்சில் வேலூரில் ஒரு வீட்டில், இரவில் சார்ஜ் ஏற்றியிருந்த வண்டி தீப்பிடித்து, தகப்பனும் மகளும் உயிரிழந்தார்கள். அந்த வருஷம் நாட்டில் இப்படிப் பல விபத்துகள் நேரவே, 2022 டிசம்பர் முதல் அரசாங்கம் பாட்டரிப் பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கியது. விதி இருந்தாலும் நம் ஜாக்கிரதை நம்மிடம் இருக்க வேண்டும். நீங்கள் விழித்திருக்கும் நேரத்தில், வாசல் வழியை அடைக்காத இடத்தில் சார்ஜ் ஏற்றுவதே உத்தமம்.

இரண்டாம் நாள் வண்டிக்கு ஓய்வு, நமக்குக் கைலாசநாதர். மூன்றாம் நாள் விடியற்காலையில் அரக்கோணம் வழியாகத் திருத்தணி. 45 கிலோமீட்டர் இருக்கலாம். மலைமேல் ஏற ரஸ்தா உண்டு. ஆனால் ஏற்றம் பாட்டரியைச் சீக்கிரம் காலியாக்கும். வண்டியை அடிவாரத்தில் சார்ஜுக்கு விட்டுவிட்டு, 365 படிகளையும் காலால் ஏறுங்களேன்! முருகனுக்கும் திருப்தி, பாட்டரிக்கும் திருப்தி.

திரும்பும் வழி 60 கிலோமீட்டருக்குள்தான். எந்தக் கட்டத்திலும் 20 சதவிகிதத்துக்குக் கீழே போக விடாதீர்கள். திடீர் விருந்தாளிக்கென்று அரிசிப் பானையின் அடியில் ஒரு படி வைத்திருப்பீர்களே, அந்தக் கணக்குத்தான் இதுவும்.

வீடு திரும்புமுன் திருநின்றவூரில் இருதயாலீசுவரரையும் தரிசித்துவிடுங்கள். பூசலாரின் மனக்கோயில் அங்கே கல்லாகவே நிற்கிறது.

ஒன்று சொல்ல மறந்தேனே! புறப்படும் அவசரத்தில் சார்ஜரை வீட்டில் விட்டுவிடாதீர்கள். மனத்தில் கோயில் கட்டலாம். சார்ஜரைக் கட்ட முடியாது.