நம் அன்னையின் கூரைமேல் ஒரு கருவாலிக் காடு

பாரிஸ் மாநகரின் நடுவே, சேன் நதி இரண்டாகப் பிரிந்து தழுவியோடும் சிறு தீவில் நோத்ர் தாம் பேராலயம் எழுந்து நிற்கின்றது. ‘நம் அன்னை’ என்பது அப்பெயரின் பொருள். 2019 ஏப்ரல் 15, புனித வாரத்துத் திங்கட்கிழமை மாலையில், அதன் கூரை பற்றியெரிந்ததைக் கிறிஸ்தவ உலகம் கண்ணீரோடு கண்டது. 2024 டிசம்பர் 7 அன்று ஆலயம் மீண்டும் திறக்கப்பெற்று, மறுநாள் ஞாயிறன்று புதிய பீடம் அர்ச்சிக்கப்பட்டுத் திருப்பலியும் நிறைவேறிற்று. நாம் அதனைத் தரிசித்தது அதற்கடுத்த ஆண்டில்.

உள்ளே நின்று அண்ணாந்து நோக்கினால், தூய்மை செய்யப்பட்ட கல் வளைவுகளே தென்படும். அன்று எரிந்தது அவற்றிற்கு மேலே, ஈயத் தகடுகளின் கீழ் மறைந்திருந்த மரச்சட்டக் கூட்டம். பிரெஞ்சு மக்கள் அதனைக் ‘காடு’ என்றே அழைத்தனர். அதன் பெரும்பகுதி 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் வெட்டிய ஓக் மரங்களால் ஆனது. நம் விவிலியத்தில் கருவாலி என வருவது இம்மரமே. புதிய கூரைக்கும் ஊசிக் கோபுரத்திற்கும் மீண்டும் ஏறத்தாழ 2,000 ஓக் மரங்கள் வேண்டியிருந்தன.

“இத்தனை மரங்களை வெட்டலாமா, சுவாமி? படைப்பைப் பேணுங்கள் என்று 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் சுற்றுமடல் எழுதினாரே!” என்று உடன்வந்த அன்பர் வினவினார். நியாயமான கேள்வி. ரேம்ஸ் நகரப் பேராலயத்தின் கூரை 1914-ஆம் ஆண்டுப் போரில் எரிந்தபின், கான்கிரீட் சட்டங்களைக் கொண்டே அமைக்கப்பட்டு இன்றும் நிலைத்திருக்கிறது. ஆயின் சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக் கல்லைச் சுடும்போது, விறகின் புகை போதாதென்று அக்கல்லே கரியமில வாயுவை வெளியிடுகின்றது. மரமோ வளருங்காலத்தில் அவ்வாயுவை உட்கொண்டு, கரியைத் தன் உடலில் சேர்த்துக்கொள்கின்றது.

எவ்வளவு சேர்க்கிறது? கணக்கு எளிது. ஈரம் முற்றும் நீங்கிய மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கரி. 12 பங்கு கரி உயிர்வாயுவோடு கூடினால் 44 பங்கு கரியமில வாயு ஆகும். ஆகவே 100 கிலோ உலர்ந்த மரம் என்றால் சுமார் 183 கிலோ வாயு. எரிந்து வீழ்ந்த ஊசிக் கோபுரத்தில் 500 டன் மரம் இருந்ததென்பர். ஈரத்திற்கென ஐந்திலொரு பங்கைத் தள்ளினாலும், 700 டன்னுக்கு மேற்பட்ட வாயுவை அது காற்றில் கலவாமல் காத்து நின்றது. மரம் அறுக்கும் இயந்திரம், உலர்த்தும் சூளை, ஏற்றிச்செல்லும் லாரி ஆகியவற்றின் புகையைத் தனியே செலவில் எழுத வேண்டும். நோத்ர் தாமின் நடுக்கூடச் சட்டங்களைத் தச்சர்கள் பச்சை மரத்திலேயே கோடரியால் செதுக்கினர். சூளைச் செலவு அங்கு இல்லை.

சிக்கல் இதற்கப்பால்தான். ஐரோப்பிய அளவுமுறையின்படி, மரம் கட்டடத்துள் புகும்போது அதன் கரியைக் கழித்தல் குறியோடும், கட்டடம் இடிபட்டு மரம் எரியும்போதோ மட்கும்போதோ கூட்டல் குறியோடும் எழுதுகின்றனர். முடிவில் மிச்சம் சுழி! மரத்தில் உள்ள கரி காணிக்கை அன்று. திருப்பிக் கொடுக்கவேண்டிய வைப்புத் தொகை. பங்குக் கணக்கேடு பார்த்துப் பழகிய நமக்கு இவ்வேறுபாடு உடனே விளங்கிற்று.

பிரெஞ்சு அரசு இதில் வேறு வழி சென்றது. 2022 ஜனவரி முதல் புதிய வீடுகளுக்கு வந்த விதியில், பிற்காலத்தில் வெளிப்படும் வாயு இன்று வெளிப்படும் வாயுவினும் குறைந்த எடையோடு கணக்கிடப்படுகிறது. இது மரத்திற்குக் காட்டும் சலுகை என்று கான்கிரீட் தரப்பினர் குறை கூறினர். நம் கருத்தில், காலத்தை எண்ணுவது சரியே. வெப்பம் ஏறிவரும் இந்நாளில் தாமதமும் ஓர் உதவி. ஆனால் அவ்விதி கட்டடத்தின் ஆயுளை 50 ஆண்டுகளாகக் கொள்கிறது. எண்ணூறு ஆண்டுகள் நின்ற கூரைக்குக் கீழே நின்றுகொண்டு, அவ்வெண்ணைக் கேட்க நமக்குச் சிரிப்பே வந்தது. நம் ஊர்களிலும் பழைய ஓட்டுக் கூரைகளைக் கழற்றும்போது, வைரம் பாய்ந்த தேக்கு உத்திரங்களை விறகு விலைக்குத் தள்ளிவிடுகின்றோமே, அதைப் பங்குப் பேரவையினர் சற்றே எண்ணிப் பார்க்கட்டும்.

மற்றொரு பக்கம் காட்டிலே இருக்கிறது. ஊசிக் கோபுரத்தின் அடித்தளத்திற்கென லெ மான் நகருக்குத் தெற்கேயுள்ள பெர்சே காட்டில் 2021 மார்ச்சில் வெட்டப்பட்ட ஓக் மரங்கள் 200 ஆண்டுகளுக்கும் மூத்தவை. வேரும் கிளையும் மரத்தூளும் கூரையேறுவதில்லை. அவற்றின் கரி விரைவில் காற்றுக்குத் திரும்பும். அவ்விடத்தில் முளைக்கும் கன்று அதே பருமன் அடைய மேலும் 200 ஆண்டுகள் வேண்டும். காடு பேணப்படாவிடின் கழித்தல் குறி போடுவதே பொய்க்கணக்காகிவிடும். இடைக்காலத் தச்சர்களோ பெரும்பாலும் மெலிந்த இளமரங்களையே தேர்ந்தனர் என்பதை ஆய்வாளர் கண்டுள்ளனர்.

எரிந்த விட்டங்களையும் வீசிவிடவில்லை. கரிந்த துண்டுகளைத் திரட்டி வைத்து, அவற்றின் ஆண்டு வளையங்களிலிருந்து அக்கால மழையையும் வெப்பத்தையும் அறிஞர் ஆராய்ந்து வருகின்றனர். புதிய கூரையினுள் நீரைப் பனிபோல் தெளிக்கும் குழாய்களும், தீ பரவாமல் தடுக்கும் சுவர்களும் அமைத்துள்ளனர். கீழே நின்ற நமக்கு அவையும் கண்ணில் படவில்லை.